நீர் புகும் தளமும் பனிக்கட்டியும்

பனி என்னும் சொல் நம் நாட்டார்க்குப் பெரும்பாலும் இனிய நினைவையே தருவது. மார்கழித் திங்களின் வைகறையில் புல் நுனியில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம். உதகமண்டலத்தில் அதே பருவத்தில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைவையும் பனி என்கிறோம். குளிர் நாடுகளில் வானத்தினின்று பஞ்சு போல் உதிர்வதையும் பனி என்றே வழங்குகிறோம். ஒரு சொல் பல பொருள்மேற் செல்லுமாயின் ஆராய்ச்சி தடுமாறும். ஆதலின், வானத்தினின்று உதிர்வதை வெண்பனி என்றும், தரைமேல் நீர் உறைந்து உண்டாகும் கெட்டியான படலத்தைப் பனிக்கட்டி என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்தி வழங்குவோம். இவ்விரண்டனுள், நடப்பார்க்கும் வண்டி செலுத்துவார்க்கும் வெண்பனி தரும் இடர் சிறிது. பனிக்கட்டி தருவது பெரிது.

வெண்பனி எவ்வளவு உயரமாகக் குவிந்தாலும் அது கண்ணுக்குத் தெரியும்; மண்வெட்டியாலோ பொறிகளாலோ அதனை வாரி ஒதுக்கிவிடலாம். பனிக்கட்டியோ தளத்தோடு இறுகப் பற்றிக்கொள்ளும். வாரவும் வராது, பெருக்கவும் போகாது. மேலும், மெல்லிய படலமாக உறைந்தபோது அது கண்ணாடி போல் தெளிந்திருத்தலின், கீழுள்ள கரிய தார்த்தளமே அதன் வழியாகத் தோன்றும். ஈரம் என்று எண்ணிக் கால் வைப்பவர் வழுக்கி வீழ்வர். இதனைக் கரும்பனி என்று அந்நாட்டார் அஞ்சிப் பேசுவர். இளைஞர் வீழ்ந்தால் எழுந்து ஆடையைத் தட்டிக்கொண்டு போவர். முதியோர் வீழ்ந்தாலோ இடுப்பெலும்பு முறிந்து, பின்னர் ஒருபோதும் முன்போல் நடவாது போதலும் உண்டு. ஆகவே, வீட்டு வாயில், கல்லூரி நடைபாதை, வண்டிகள் நிறுத்தும் வெளி, மருத்துவமனையின் முற்றம் ஆகிய இடங்களிற் பனிக்கட்டி படியாது காத்தல் குளிர் நாடுகளில் ஒவ்வொரு மாரிக்காலத்தும் எழும் கேள்வியாகும்.

இனி, இப்பனிக்கட்டி எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்வோம். அது வானத்தினின்று நேரே வருவதென்றே பலரும் கருதுவர். உறைமழை பெய்யும் நாட்களில் அக்கருத்து உண்மையே. ஆனால் மற்ற நாட்களில் நிகழ்வது வேறு. இரவிற் பெய்த வெண்பனியைக் காலையில் வாரி ஓரங்களில் வரம்பு போலக் குவித்துவிடுகின்றனர். நண்பகலிற் கதிரவன் வெப்பத்தால் அவ்வரம்புகளின் அடி சிறிது உருகுகின்றது; தளத்தில் எஞ்சியிருந்த மெல்லிய வெண்பனியும் உருகுகின்றது. அந்நீர் சரிவை நோக்கித் தளத்தின்மேற் படர்ந்து செல்கின்றது. பள்ளங்களிற் சிறிது தேங்குகின்றது. கதிரவன் சாய்ந்தவுடன் உஷ்ணநிலை நீரின் உறைநிலைக்குக் கீழே இறங்க, பகலெல்லாம் நீராய்த் திரிந்தது மாலையிற் கண்ணாடியாய் உறைந்துவிடுகின்றது. மறுநாட் பகலில் அது மீண்டும் உருகி, இரவில் மீண்டும் உறையும். ஒரு முறை பெய்த வெண்பனியே இவ்வாறு பல நாள் தொல்லை தரும். எனவே, தளத்தின்மேற் காணும் பனிக்கட்டியிற் பெரும்பகுதி, போக வழியின்றி அங்கேயே தங்கிய நீரேயாகும். இவ்வொரு கருத்தே இக்கட்டுரைக்கு அடிப்படை.

இத்தொல்லைக்கு மக்கள் இதுகாறும் கண்ட மருந்து உப்பு. நாம் உணவில் இடும் சோடியம் குளோரைடே அது. தூய நீர் சென்டிகிரேட் 0 பாகையில் உறையும். உப்புக் கரைந்த நீரோ அதற்கும் கீழே சென்றால்தான் உறையும். செறிந்த உப்புநீர் −21 பாகை வரையிலும் நீராகவே நிற்கும் என்று இரசாயன நூல் கூறும். ஆயினும் சாலையில் இவ்வளவு பயன் கிட்டுவதில்லை. ஏறக்குறைய −9 பாகைக்குக் கீழே உப்பு மிக மெதுவாகவே வேலை செய்யும். அப்பொழுது மேன்மேலும் கொட்டவேண்டி நேரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட உப்பு இவ்வாறு சாலைகளிற் கொட்டப்படுகின்றது.

கொட்டிய உப்பு எங்கே போகின்றது? பனிக்கட்டி உருகியவுடன் உப்பும் மறைந்ததாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் அது அழிவதில்லை. இலை தழைகள் மண்ணில் மக்குவது போலக் குளோரைடு மக்குவதில்லை. மண்ணும் அதனைப் பற்றிக்கொள்வதில்லை. ஓடையிற் கலந்து ஏரிக்கும், நிலத்தடியிற் புகுந்து கிணற்றிற்கும் அது சென்று சேரும். நன்னீரில் வாழும் உயிர்களின் நலம் கருதி, நீண்டகால அளவில் ஒரு லிட்டர் நீரிற் குளோரைடு 230 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழற் காப்புத் துறை 1988-ஆம் ஆண்டில் வரையறுத்தது. இக்கணக்கின்படி பார்த்தால், ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது ஏறத்தாழ 6 கிராம், 15 லிட்டர் தூய நீரை அவ்வெல்லைக்குக் கொண்டு சென்றுவிடும். ஒரு வண்டி உப்பு எத்தனை குளங்களுக்குப் போதும் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம். இன்று ஒருவர் வழுக்கி வீழாமைப் பொருட்டு இடும் உப்பு, நாளை அவர் குடிக்கும் கிணற்றைக் கெடுக்கின்றது. கால் முறியாமை வேண்டும்; கிணறு கெடாமையும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பெறுதல் எவ்வாறு?

இவ்விடத்திலேதான் நாம் முன்னர்க் கண்ட அடிப்படைக் கருத்து உதவுகின்றது. பனிக்கட்டி தங்கிய நீரினின்று உண்டாவதாயின், உறைந்தபின் அதனை உருக்க முயல்வதினும், உறைதற்கு முன்னரே நீரைத் தளத்தினின்று அகற்றிவிடுதல் அறிவுடைமையன்றோ? சரிவு அமைத்து ஓரத்திற்கு ஓட்டுதல் ஒரு வழி. அதனிற் குறை யாதெனின், நீர் தளம் முழுவதையும் கடந்தே ஓரம் சேரவேண்டும். மற்றொரு வழி, விழுந்த இடத்திலேயே நீர் கீழே இறங்கிப்போமாறு தளத்தையே சல்லடை போல் அமைப்பது. இதுவே நீர் புகும் தளம் எனப்படுவது.

இதன் அமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வழக்கமான தார்த்தளத்திற் பெரிய கல், சிறிய கல், மணல் ஆகிய எல்லாம் கலந்திருத்தலின், பெருங்கல்லின் இடைவெளியைச் சிறுகல்லும், சிறுகல்லின் இடைவெளியை மணலும் அடைத்துவிடும். நீர் புகும் தளத்திலோ நுண்ணிய மணலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, ஏறத்தாழ ஒரே அளவான ஜல்லியைத் தாருடன் பிசைந்து இடுவர். கடலை உருண்டையிற் கடலைகள் பாகினால் ஒட்டிக்கொண்டும் இடையிடையே வெளி விட்டும் நிற்பது போல, இதிற் கற்கள் ஒட்டியும் விலகியும் நிற்கும். தளத்தின் பருமனில் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு வரை வெற்றிடமே. இம்மேற்றளம் 4 முதல் 6 அங்குலக் கனமுடையது. இதன் கீழே பொடி ஜல்லி ஓரடுக்கு. அதன் கீழே நீரை வடிகட்டும் மணற்சரளை ஓரடுக்கு. அதற்கும் கீழே பெரிய உடைகல் நிரம்பிய அடுக்கு. கடைசி அடுக்கு, கற்களுக்கிடையே நீரைத் தாங்கி நிற்கும் ஒரு மறைந்த குளம் போன்றது. அங்கிருந்து நீர் மெல்ல மெல்ல இயற்கை மண்ணில் ஊறும். மண் களியாயிருப்பின் மிகுந்த நீரை வெளியேற்றத் துளையிட்ட குழாய் பதிப்பர். தாருக்குப் பதிலாகச் சிமெண்டினாலும் இத்தளத்தை இடலாம். கட்டைக் கற்களைப் பரப்பி, அவற்றின் இடுக்குகளை மணலால் அடையாது பொடி ஜல்லியால் நிரப்பியும் அமைக்கலாம்.

இதனைக் கேட்டவுடன் பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழும். நீர் உறையும்பொழுது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு அளவு பெருகுமே. துளைகளிற் புகுந்த நீர் உறைந்து தளத்தைப் பிளந்துவிடாதோ? நிலமும் உறைந்து கிடக்குமாதலின் நீர் கீழே இறங்குவதற்கு வழி ஏது? இவ்வையம் நியாயமானதே. குளிர் நாட்டுப் பொறியாளர் பலர் இத்தளத்தை ஏற்கத் தயங்கியதும் இதனாலேயே.

இவ்வையத்தைத் தீர்க்கும் பொருட்டு நிகழ்ந்த சோதனைகளுட் சிறந்தது, அமெரிக்காவின் வடகிழக்கே டர்ஹாம் என்னும் ஊரில் உள்ள நியூ ஹாம்ப்ஷியர் சர்வகலாசாலையில் நடந்தது. அங்கே 2004-ஆம் ஆண்டில் வண்டி நிறுத்துமிடம் ஒன்று நீர் புகும் தார்த்தளமாக இடப்பட்டது. ராபர்ட் ரோசீன், தாமஸ் பாலஸ்டெரோ முதலியோர் அதனைப் பல ஆண்டுகள் இடைவிடாது அளந்து வந்தனர். சில மாரிக்காலங்களிற் குளிர் தளத்தினுள் 71 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கி உறையச் செய்தது. ஆயினும் நீர் இறங்கும் ஆற்றல் குன்றவில்லை. தளம் மேலெழும்பவோ பிளக்கவோ இல்லை. காரணம் என்னை? நீர் துளைகளில் நிறைந்து நில்லாது வடிந்துபோதலின், எஞ்சிய ஈரம் கற்களைச் சுற்றி மெல்லிய உறையாக உறையுமேயன்றித் துளையை அடைப்பதில்லை. அது பெருகுதற்கும் வேண்டிய வெற்றிடம் உள்ளது. சாதாரணச் சாலைகளை மேலெழுப்பிப் பிளப்பது, கீழ்மண்ணிலிருந்து விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல மேலேறி அடுக்கடுக்காக உறையும் நீர். பெரிய உடைகல்லின் இடைவெளிகள் அகன்றிருத்தலின் நீர் அவற்றின் வழியே அங்ஙனம் ஏறமாட்டாது. ஆனால் இவ்வடுக்குகளை ஆழமாக இடுதல் வேண்டும். அவ்விடத்து உறைவு இறங்கக்கூடிய ஆழத்தில் நூற்றுக்கு 65 பங்கேனும் தளத்தின் மொத்தக் கனம் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கூறும் விதி.

ஸ்வீடன் நாட்டின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்றுத் தெற்கே உள்ள லூலியோ என்னும் ஊரிலும் இத்தகைய சோதனை நடந்தது. மாக்னஸ் பேக்ஸ்ட்ரம் என்பவர் நீர் புகும் தளத்தையும் புகாத தளத்தையும் ஒப்பிட்டு, 2000-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். நீர் புகும் தளத்தின் கீழே நிலம் உறைவது குறைந்திருந்தது. வேனில் நெருங்குகையில் அது விரைந்து உருகியது. ஒரு கிராம் நீர் உறையும்பொழுது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும் என்பது நாம் பாடநூலிற் பயில்வதே. தளத்தின் கீழ்மண்ணில் ஈரம் மிகுந்திருத்தலின், உறைவு கீழிறங்க முயலும்போதெல்லாம் அவ்வெப்பம் அதனை எதிர்த்து நிற்கின்றது. பின்னர், உருகிய நீர் தன் வெப்பத்தைக் கீழே கொண்டுசென்று உறைந்த நிலத்தை விரைவில் இளக்குகின்றது. பாடநூலில் உயிரற்ற எண்ணாகக் கிடந்த 80 கலோரி ஒரு தெருவின் அடியில் இவ்வாறு உழைக்கின்றது.

தளம் அழியாது நிற்பது ஒருபுறம் இருக்க, பனிக்கட்டி குறைந்ததா என்பதே நமக்கு வேண்டுவது. டர்ஹாமில் 2006 முதல் 2008 வரை இரண்டு மாரிக்காலங்களில், அடுத்தடுத்து அமைந்த நீர் புகும் தளத்தையும் வழக்கமான தளத்தையும் ஒப்பிட்டு, எதன்மேல் எவ்வளவு உப்பு வேண்டியிருந்தது என்று கணக்கிட்டனர். வழக்கமான தளத்திற்கு நிகராகவோ அதனினும் நன்றாகவோ வழுக்கலின்றி வைத்திருப்பதற்கு, நீர் புகும் தளத்திற்கு நூற்றுக்கு 64 முதல் 77 பங்கு வரை உப்புக் குறைவாகவே தேவைப்பட்டது. இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, பகலில் உருகிய நீர் அவ்வப்போதே கீழே இறங்கிவிடுதலின், இரவில் உறைவதற்குத் தளத்தின்மேல் நீர் இருப்பதில்லை. கரும்பனிக்கென்று உப்பு இடும் வேலையே பெரும்பாலும் ஒழிந்தது. இரண்டாவது, மேற்பரப்புச் சொரசொரப்பாயிருத்தலின் காலும் சக்கரமும் நன்கு பற்றுகின்றன. வெண்பனியை வாரும் வேலை மட்டும் முன்போலவே உண்டு. நீர் புகும் தளம் வெண்பனியை விழுங்கிவிடும் என்று எவரும் எண்ணற்க.

இனி, இதன் குறைகளையும் மறையாது கூறுதல் கடனாகும். உறைமழை பெய்யும்போதும், வாராது விட்ட வெண்பனி சக்கரங்களால் மிதியுண்டு இறுகும்போதும், இத்தளத்திலும் பனிக்கட்டி படியும். அப்பொழுது உருகிய உப்புநீர் மேலே தங்காது துளை வழியே இறங்கிவிடுதலின் வழக்கத்தினும் மிகுதியாக உப்பு இட நேரும். வெண்பனி பெய்வதற்கு முன்னரே உப்புநீர் தெளித்து வைக்கும் முறையும் இதற்குப் பொருந்தாது. வழுக்காமைக்காக மணல் தூவுவது சிலர் வழக்கம்; இத்தளத்தில் மணலைத் தூவினால் துளைகள் அடைபட்டு, நீர் புகும் தளம் புகாத தளமாகிவிடும். உதிர்ந்த இலையும் மண்ணும் அடையாதபடி ஆண்டிற்கு இரு முறையேனும் காற்றால் உறிஞ்சும் பொறிகொண்டு துப்புரவு செய்தல் வேண்டும். பாரமான வண்டிகள் ஓயாது செல்லும் பெருஞ்சாலைகளுக்கு இஃது ஏற்றதன்று.

மற்றொரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. நெதர்லாந்து நாட்டு நெடுஞ்சாலைகளிற் பெரும்பாலன நுண்துளையுள்ள தார்த்தளத்தால் மூடப்பட்டவை. மழைநீர் தெறியாமையும் சக்கர ஓசை அடங்குவதும் வேண்டி அவ்வாறு செய்தனர். ஆனால் அச்சாலைகளுக்கு மாரிக்காலத்தில் உப்பு மிகுதியாகவே வேண்டியிருக்கின்றது. டர்ஹாமில் உப்பைக் குறைத்த துளைகள் இங்கே கூட்டுவது ஏன்? நெதர்லாந்துச் சாலையில் துளையுள்ள அடுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டரே. அதன் கீழே நீர் புகாத பழைய தளம் கிடக்கின்றது. நீர் கீழே இறங்க வழியின்றி அவ்வடுக்கினுள்ளேயே பக்கவாட்டில் மெல்ல ஊர்கின்றது. உப்பும் மேலே நில்லாமல் துளைகளுட் புகுந்து மறைகின்றது. துளைகளின் காற்று கீழுள்ள வெப்பத்தை மேலே வரவொட்டாது தடுத்தலின் மேற்பரப்பு விரைவிற் குளிர்கின்றது. ஆகவே துளை இருந்தால் மட்டும் போதாது. துளையிற் புகுந்த நீர் சென்று சேர்வதற்கு அடியில் இடமும் இருத்தல் வேண்டும். பெயரால் ஒன்றான இரண்டு பொருள்கள் பயனால் வேறுபடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குறைகளுள் இன்னும் ஒன்று உண்டு. மணற்சரளை அடுக்கு, நீரிற் கலந்த மண்ணையும் எண்ணெய்ப் பசையையும் துத்தநாகம் போன்ற உலோகங்களையும் வடிகட்டித் தடுத்துவிடும். குளோரைடை மட்டும் அதனால் தடுக்க இயலாது. இட்ட உப்பு முழுவதும் என்றேனும் ஒருநாள் நிலத்தடி நீரையோ ஓடையையோ அடைந்தே தீரும். ஆதலின் நீர் புகும் தளத்தை அமைத்துவிட்டுப் பழைய வழக்கப்படியே உப்பைக் கொட்டுவோர்க்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. உப்பைத் தூய்மை செய்யும் கருவி அன்று இது. உப்பின் தேவையைக் குறைக்கும் கருவி. இட்டபின் வடிகட்டுதல் அரிது, இடாமலிருத்தல் எளிது. வண்டியோட்டிகளுக்கும் காவலாளர்களுக்கும் இதனை நன்கு கற்பித்தாலன்றித் தளத்தின் பயன் முழுவதும் கைகூடாது.

இத்தளம் ஆராய்ச்சிக் களத்தில் மட்டும் நிற்பதொன்றன்று. மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் காங்கார்டில், தோரோ வாழ்ந்ததனாற் புகழ்பெற்ற வால்டன் குளத்தின் அருகே, 1977-ஆம் ஆண்டிலேயே வண்டி நிறுத்துமிடம் ஒன்று நீர் புகும் தார்த்தளமாக இடப்பட்டு, 20 ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டது. நியூ ஹாம்ப்ஷியரின் பெல்ஹம் என்னும் ஊரில், முதியோர்க்கென்று 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று 2009-ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் தெருவும் நடைபாதைகளும் நீர் புகும் தளங்களே. தார் வேலைக்குச் செலவு மிகுந்தபோதிலும், மழைநீர்க் குழாய்களும் தேக்கக் குட்டைகளும் தேவையற்றுப் போனமையின், நிலத்தைச் சீரமைக்கும் செலவு மொத்தத்தில் நூற்றுக்கு 6 அளவு குறைந்தது. வீழ்ச்சியைக் கண்டு மிகவும் அஞ்ச வேண்டியவர்கள் முதியோரே. அவர்கள் நடக்கும் தெருவில் இது முதலில் வந்தது பொருத்தமே. கனடாவில், தமிழர் பெருந்தொகையினராய் வாழும் டொரான்டோவின் அருகே, வான் என்னும் நகரில் உள்ள கோர்ட்ரைட் நிலையத்திலும் 2010-ஆம் ஆண்டு முதல் மூவகை நீர் புகும் தளங்கள் மாரிக்காலம் உட்பட அளந்து ஆராயப்பட்டன. நம் பழைய மாணவருள் அத்தகைய குளிர் நாடுகளிற் குடியேறி, தம் வீட்டு வாயிலில் உப்பு மூட்டையோடு நிற்பவர் சிலர் இருப்பர். வாயிற்றளத்தைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது அவர்கள் இச்செய்தியை நினைவு கூர்வாராக.

பனிக்கட்டியே காணாத ஊரில் இருந்துகொண்டு இதனைப் பயில்வதால் நமக்கு என்ன பயன் என்று ஒருவர் வினவலாம். பொருளைக் காட்டிலும், அதனை ஆராய்ந்த முறை நமக்கு உரியது. வழுக்குகிறது என்ற குறை வந்தபோது உப்பு என்ற விடை உடனே கிடைத்தது. பல தலைமுறைகள் அவ்விடையோடு அமைந்துவிட்டன. இந்நீர் இங்கே ஏன் தங்கிற்று என்று மீண்டும் ஒரு முறை கேட்டவர்களே வேறு வழியைக் கண்டனர். கண்டபின்னும், சில ஆண்டுகள் குளிரில் நின்று அளந்து பார்த்த பின்னரே அதனை உலகிற்கு உரைத்தனர். அதன் குறைகளையும் கூடவே உரைத்தனர். நம் கல்லூரி மாணவர்களும் தம் கண்ணெதிரே உள்ள குறை ஒவ்வொன்றையும் இம்முறையால் அணுகுவாராயின் நாட்டிற்கு நன்மை விளையும்.